சைவச் சாப்பாட்டில் தசை வளருமா?

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கிக் கூறிவிடுகிறேன். வயது 24, உயரம் 172 சென்ரிமீற்றர், நிறை 58 கிலோ. தீட்சை பெற்று இரண்டு வருடங்களாக மீன், இறைச்சி, முட்டை மூன்றையும் விட்டிருக்கிறார். பாலும் தயிரும் வயிற்றுக்கு ஒத்துவராததால் அவற்றையும் எடுப்பதில்லை. எட்டு மாதங்களாக ஜிம்முக்குப் போகிறார்; முதல் இரண்டு மாதங்களில் சற்று வித்தியாசம் தெரிந்தது, அதன் பிறகு நாடாவில் அரை அங்குலம்கூடக் கூடவில்லை. அங்கே பயிற்சி கொடுப்பவர், முட்டையும் கோழியும் இல்லாமல் இதற்கு மேல் வராது, இல்லையென்றால் பவுடர் வாங்கு என்கிறார். தாவர உணவை மட்டும் உண்டு தசையை வளர்க்க முடியுமா என்பதே அவர் எழுதிய கேள்வி. ஆனால் அவர் உண்மையில் கேட்பது, எட்டு மாத உழைப்பு வீணானதற்குத் தான் எடுத்த விரதம்தான் காரணமா என்பதே என்று எனக்குப் படுகிறது. முதற் கேள்விக்கு, முடியும் என்பது பதில். இரண்டாவதற்கு, அவர் தந்திருக்கும் விபரங்களின்படி இல்லை என்பது பதில். மீனை நிறுத்தியபோது அதன் இடத்தில் அவர் தட்டில் எதையும் வைக்கவில்லை; ஜிம்மிலும் ஐந்து மாதங்களாக அதே எடையைத்தான் தூக்குகிறார். இந்த இரண்டையும் பற்றித்தான் கீழே விரிவாக எழுதுகிறேன்.

நான் வவுனியாவிலும் கிளிநொச்சியிலுமாகப் பதினாறு வருடங்களாக இயன்மருத்துவராக வேலை செய்கிறவன். உணவியல் நிபுணன் அல்லன். போரில் காலை இழந்தவர்கள், பனையிலிருந்து விழுந்தவர்கள், மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை எலும்பு முறிந்து மாதக்கணக்காகப் படுத்திருந்தவர்கள் ஆகியோரின் வற்றிய தசையைத் திரும்பக் கொண்டுவருவதே என் வேலையில் பெரும்பகுதி. வற்றிய தசையைத் தேற்றுவதற்கும் ஜிம்மில் தசையைப் பெருக்குவதற்கும் உடலுக்குள் நடப்பது பெரும்பாலும் ஒரே வேலைதான். நான் மீன் சாப்பிடுகிறவன், அதுவும் முல்லைத்தீவுக் கரையில் இழுத்த மீன் என்றால் இரண்டு நேரமும் சாப்பிடுகிறவன். ஆகவே சைவத்துக்காக வாதாட வந்தவன் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வருகிற எல்லோருக்கும், தினமும் இரண்டு முட்டை, கிழமைக்கு மூன்று தரம் கோழி என்று மனப்பாடமாகச் சொல்லி அனுப்புவேன். நெற்றி நிறைய நீறு பூசிய ஐயா ஒருவர் ஒருநாள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு பயிற்சிக்கு வரவே இல்லை. பல மாதங்கள் கழித்துச் சந்தையில் கண்டபோது, "நீங்கள் சொன்னதைச் செய்ய என்னால் ஏலாது தம்பி, செய்யாமல் வந்து உங்கள் முகத்தில் முழிக்கவும் ஏலாது" என்றார். பருப்பையும் பயற்றையும் தராசில் வைத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தசை வளர்வதற்கான கட்டளையை உணவு கொடுப்பதில்லை, பளு கொடுக்கிறது. ஒரு தசை தான் பழகிய அளவுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்க நேரும்போது, அதன் நார்களுக்குள் புதிய புரதத்தைக் கட்டுவதற்கான வேலை தொடங்கி ஒரு நாளுக்கு மேலாகவும் நீடிக்கிறது. அந்த வேலைக்குத் தேவையான கல்லும் சீமெந்தும்தான் உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்கள். புரதத்தைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் ஒன்பதை உடலால் ஆக்கிக்கொள்ள முடியாது. அவை உணவில் வந்தே ஆக வேண்டும். அந்த ஒன்பதும் தாவர உணவுகளில் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவில். இரத்தத்தில் கலந்த பிறகு லைசின் எனும் அமினோ அமிலத்தின் ஒரு மூலக்கூறு கோழியிலிருந்து வந்ததா கௌபியிலிருந்து வந்ததா என்று தசை வேறுபாடு காண்பதில்லை. போதிய அளவு வந்ததா என்பதே அதற்குப் பொருட்டு.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வும் உண்டு. 2021 இல் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், முற்றிலும் தாவர உணவு உண்ணும் இளைஞர்கள் 19 பேரையும் எல்லாம் உண்ணும் இளைஞர்கள் 19 பேரையும் 12 வாரங்கள் கால்களுக்கான பளுப் பயிற்சியில் ஈடுபடுத்தினர். இரு பகுதியினருக்கும் நாளொன்றுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் புரதம் கிடைக்குமாறு பார்த்துக்கொண்டனர். முடிவில் தசையின் அளவிலும் பலத்திலும் இரு பகுதியினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: தாவர உணவுக்காரருக்குக் குறைந்த புரதம், சோயாவிலிருந்து பிரித்தெடுத்த பவுடரால் நிரப்பப்பட்டது. சோறும் பருப்பும் மட்டும் உண்டவர்களைப் பற்றி அந்த ஆய்வு எதையும் நிறுவவில்லை. போதிய அளவு புரதம் கிடைக்குமானால் அது தாவரப் புரதம் என்பது தடையல்ல, அவ்வளவே அதிலிருந்து எடுக்கத்தக்கது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பளுதூக்கிய கென்ட்ரிக் ஃபாரிஸ், 2013 இல் ரொறன்ரோவில் 550 கிலோவைத் தோளில் சுமந்து பத்து மீற்றர் நடந்த ஜெர்மனியின் பாட்ரிக் பபூமியன் போன்றோரையும் உதாரணம் காட்டுவார்கள். இருவரும் தாவர உணவுக்காரர்கள் என்பது உண்மை. ஆனால் இருவரும் உடலைக் கட்டிப் பல வருடங்கள் ஆன பின்னரே அந்த உணவுக்கு மாறியவர்கள். 58 கிலோவில் நிற்கும் ஒருவருக்கு அவர்களால் கிடைக்கும் பாடம் குறைவு.

எவ்வளவு புரதம் தேவை என்பதற்கு, 2018 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வைப் பலரும் எடுத்துக்காட்டுவர். 49 ஆய்வுகளை, 1,800க்கு மேற்பட்டவர்களின் பெறுபேறுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், பளுப் பயிற்சி செய்வோருக்கு நாளொன்றுக்கு கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை புரதத்தைக் கூட்டுவது பயன் தருகிறது, அதற்கு மேல் சராசரியாகப் பயன் கூடவில்லை என்று தெரிந்தது. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள், சிலருக்கு இதைவிடக் குறைவாகவும் போதும், சிலருக்கு 2.2 வரை தேவைப்படலாம். 58 கிலோவை 1.6 ஆல் பெருக்கினால் 93 வருகிறது. நாளொன்றுக்கு 90 முதல் 100 கிராம் வரை என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது தம்பி எழுதியிருக்கும் நாளாந்தச் சாப்பாட்டைப் பார்ப்போம். காலையில் எட்டு இடியப்பம், சொதி, சம்பல்: புரதம் 8 அல்லது 9 கிராம். மதியம் ஒரு கோப்பை நிறையச் சோறு, அவித்த நிறையில் அரைக் கிலோ என்று வைத்தால் 13 கிராம். அதன் ஓரத்தில் மூன்று கரண்டி தண்ணீர்ப் பருப்பு 4 அல்லது 5 கிராம். கத்தரிக்காய்க் குழம்பும் கீரையும் சேர்ந்து 3 கிராம். மாலையில் தேநீரும் விசுக்கோத்தும் 2 கிராம். இரவு பிட்டும் உருளைக்கிழங்குக் கறியும் 12 கிராம். எவ்வளவு தாராளமாகக் கூட்டினாலும் 45 கிராமைத் தாண்டாது. வேண்டியதில் பாதி. முன்பு இதே தட்டில் மத்தியானம் இரண்டு துண்டு மீனும் இரவில் ஒரு முட்டையும் இருந்திருந்தால் அவையே 30 கிராமைக் கொடுத்திருக்கும். அவை போன இடம் வெறுமையாகவே இருக்கிறது. நம்மவர்களின் சைவச் சாப்பாட்டில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான்: பருப்பு என்பது சோற்றை இறக்குவதற்கான ஈரமாகத் தட்டில் கிடக்கிறதே தவிர, ஒரு உணவாக இருப்பதில்லை. ஆறு பேர் உள்ள வீட்டில் நூறு கிராம் மைசூர்ப் பருப்பு காய்ச்சினால் ஆளுக்கு 4 கிராம் புரதம்; அதைக் குடித்துவிட்டுப் பருப்புச் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

மாற்ற வேண்டியது இந்த விகிதத்தைத்தான். காலையில் 60 கிராம் பயற்றை அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டு இடியப்பத்துடனோ தனியாகவோ சாப்பிட்டால் 14 கிராம் வருகிறது. மதியம் சோற்றை 400 கிராமாகக் குறைத்து, உங்களுக்கென்று 50 கிராம் பருப்பில் கட்டியான கறியும் (12 கிராம்), உலர்ந்த நிறையில் 40 கிராம் சோயா மீற்றில் ஒரு பிரட்டலும் (20 கிராம்) வைத்தால், சோறும் கீரையும் சேர்ந்து அந்த ஒரு நேரத்திலேயே 45 கிராமைத் தாண்டும். பின்னேரம் 50 கிராம் கடலையை அவித்துத் தாளித்தால் 10 கிராம். இரவில் தோசை, அதில் உழுந்து 40 கிராமாவது உங்கள் பங்குக்கு வர வேண்டும், தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி மட்டும் போதாது, பருப்புப் போட்ட சாம்பாரும் வேண்டும்: 20 கிராம். கூட்டிப் பாருங்கள், 90 வந்துவிடும். சோற்றைத் தவிர, நான் சொன்ன நிறைகள் யாவும் சமைப்பதற்கு முந்திய உலர்ந்த நிறைகள். வீட்டில் தராசு இல்லையென்றால் கடையில் பயறு 100 கிராம் நிறுத்து வாங்கி வந்து, வீட்டுச் சுண்டில் கொட்டி, எந்த மட்டத்துக்கு வருகிறது என்று ஒரு ஆணியால் கீறி வைத்துக்கொள்ளுங்கள். கடலைக்கும் பருப்புக்கும் அதேபோல் ஒருமுறை செய்தால் போதும். உழுந்தும் பயறும் கௌபியும் வவுனியா, முல்லைத்தீவு மேட்டுக்காணிகளில் விளைகிற பொருட்கள். அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்கி வைத்தால் பவுடர் டப்பாவின் விலையோடு ஒப்பிடவே வேண்டியதில்லை.

தாவரப் புரதத்தின் தரம் பற்றிய சந்தேகம் நியாயமானதே. அரிசியில் லைசின் குறைவு. பருப்பு வகைகளில் அது தாராளம், ஆனால் மெதியோனின் எனும் இன்னோர் அமினோ அமிலம் குறைவு. எள்ளில் மெதியோனின் அதிகம். சோறும் பருப்பும், அரிசியும் உழுந்தும் ஒரு நாளுக்குள் சேர்ந்து வந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்துவிடும். ஒரே வேளையில், ஒரே வாயில் சேர வேண்டும் என்ற பழைய கருத்து இப்போது ஏற்கப்படுவதில்லை. சமிபாடு இன்னொரு விடயம். முட்டைப் புரதத்தில் ஏறத்தாழ முழுவதும் உடலில் சேர்கிறது. தோலோடு கூடிய பயற்றிலோ கடலையிலோ ஐந்தில் ஒரு பங்கு வரை சேராமல் போய்விடலாம். இரவில் ஊறவைப்பது, முளைகட்டுவது, நன்றாக அவிப்பது, தோல் நீக்குவது ஆகியவை அந்த இழப்பைக் குறைக்கும். வாயுத் தொல்லையையும் குறைக்கும். இதனால்தான் தாவர உணவு மட்டும் உண்பவர்களை 1.6 ஐ ஆகக் குறைந்த அளவாக வைத்து, 1.8 வரை போகச் சொல்கிறேன். கச்சான் பற்றியும் ஒரு வார்த்தை. முறிகண்டியில் பஸ் நிற்கும் போதெல்லாம் ஒரு பை கச்சான் வாங்கி, புரதம் சாப்பிடுகிறேன் என்று சொல்லுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். நூறு கிராம் கச்சான் பருப்பில் 25 கிராம் புரதம் உண்டு, உண்மைதான். ஆனால் ஏறத்தாழ அரைவாசி எண்ணெய். நிறை கூட வேண்டியவருக்கு அது மிக நல்ல உணவு. அதைப் புரதத்துக்கான முதலாவது மூலமாக வைத்தால் மட்டும் கணக்குப் பிழைத்துவிடும்.

சோயா மீற் ஆண்மையைக் குறைக்கும், மார்பு வளரும் என்ற பயம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது; இந்தத் தம்பியும் அடைப்புக்குறிக்குள் அதைக் கேட்டிருக்கிறார். சோயாவில் பெண் ஹோர்மோனைப் போன்ற அமைப்புடைய ஐசோபிளேவோன் எனும் பொருட்கள் உள்ளன. பயம் பிறந்தது அதிலிருந்துதான். ஆண்களிடம் செய்யப்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சாதாரண அளவில் உண்ணும் சோயா, ஆண் ஹோர்மோனான டெஸ்டஸ்டெரோனைக் குறைப்பதில்லை என்றே கண்டிருக்கின்றனர். மார்பு வீங்கியதாக மருத்துவ ஏடுகளில் பதிவான ஓரிருவர், நாள்தோறும் லீற்றர் கணக்கில் சோயாப் பால் குடித்தவர்கள். 40 கிராம், 50 கிராம் சோயா மீற்றைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பொதியில் வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம். அதைக் கொட்டிவிட்டு, கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து, வீட்டுத் தூள் போட்டுச் சமையுங்கள்.

புரதம் சரியானாலும் மொத்தச் சாப்பாடு போதாவிட்டால் உடல் அந்தப் புரதத்தையே விறகாக எரித்துவிடும். வயலில் வேலை செய்துவிட்டு ஜிம்முக்கும் போகும் ஒருவர், பசிக்கு மட்டும் சாப்பிட்டு நிறை கூடுவது கடினம். பருப்பும் கீரையும் நார்ச்சத்து மிகுந்தவை, வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடும். ஆகவே அளவில் சிறியதும் சக்தியில் பெரியதுமான பொருட்களைச் சேர்க்க வேண்டும்: தேங்காய், கச்சான், எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், கறிக்கு ஒரு கரண்டி நல்லெண்ணெய். மாதம் ஒன்றுக்கு ஒரு கிலோ வரை நிறை கூடினால் சரியான வழியில் போகிறீர்கள். மூன்று கிலோ கூடினால் அதில் பெரும்பகுதி கொழுப்பு.

பயிற்சிக்கு வருவோம், குறை இங்கும் அதே அளவுக்கு உண்டு. கிழமையில் ஆறு நாளும் இரண்டு மணித்தியாலம் நெஞ்சும் கையும், காலுக்கு எதுவும் இல்லை, ஏனென்றால் வயல் வேலையே காலுக்குப் போதும் என்று அவர் எழுதியிருக்கிறார். மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே பாரத்தைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் 30 கிலோவைப் பத்துத் தடவை வீதம் ஐந்து மாதங்களாகத் தூக்குகிறார். பத்தாவது தடவைக்குப் பிறகும் இன்னும் ஐந்தாறு தடவை தூக்க முடியும் என்கிறார். அப்படியென்றால் அவருடைய நெஞ்சுத் தசைக்கு அது இப்போது பாரமே அல்ல. நெல் மூடை சுமப்பவரின் முதுகு முதல் வருடத்தில் திரள்கிறது, பிறகு அப்படியே நிற்கிறது. மூடையின் நிறை கூடுவதில்லையே. வயல் வேலை தாங்கும் சக்தியைக் கொடுக்கும், தொடர்ந்து வளரும் தசையைக் கொடுக்காது. தசை வளர வேண்டுமானால் பாரமோ, தூக்கும் தடவையோ, செற்களின் (ஓய்வெடுக்காமல் ஒரே தொடராகத் தூக்கும் சுற்றுகளின்) எண்ணிக்கையோ காலத்தோடு கூடிக்கொண்டே போக வேண்டும். இது ஐயத்துக்கு இடமில்லாதது.

ஆறு நாளுக்குப் பதிலாக, இடையில் ஒரு நாள் விட்டு மூன்று நாள் போதும். ஒவ்வொரு நாளும் பாரத்தோடு குந்தி எழும் ஸ்குவாட், குனிந்து தூக்கும் டெட்லிஃப்ட் வகை ஒன்று, பெஞ்ச் பிரஸ் அல்லது தண்டால், தலைக்கு மேல் தள்ளுவது, குனிந்து இழுப்பது, கம்பியில் தொங்கி ஏறுவது ஆகியவற்றை மும்மூன்று செற் செய்யுங்கள். எட்டுத் தடவைக்குக் குறையாமலும் பன்னிரண்டுக்குக் கூடாமலும் தூக்கக்கூடிய பாரத்தைத் தெரிவுசெய்து, இன்னும் ஒன்று இரண்டு தடவைதான் முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். மூன்று செற்றிலும் பன்னிரண்டு வந்த நாளுக்கு அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள். செற்களுக்கு இடையே இரண்டு மூன்று நிமிடம் இருந்து ஆறுங்கள். ஜிம்முக்குப் போக முடியாத நாட்களில் வீட்டு முற்றத்திலும் இதைச் செய்யலாம்: யூரியாப் பையில் மண் நிரப்பித் தைத்த மூட்டை, 20 லீற்றர் தண்ணீர்க் கான், வேப்பமரக் கிளையில் கட்டிய இரும்புக் குழாய். இலேசான பாரத்தைக்கூட, இனி முடியாது என்ற எல்லைக்கு அருகில் வரை தூக்கினால், கனமான பாரத்துக்கு ஏறத்தாழச் சமமாகத் தசை வளர்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. பலம் கூடுவதற்குத்தான் கனமான பாரம் சிறந்தது.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் விளங்கும். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர், பரம்பரைச் சைவர். செயற்கைக் கால் பொருத்தப்பட்டிருந்தும் தொடை மெலிந்து போனதால் நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயும். தொடையை அளக்கும்போது நான் எப்போதும் முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் மேலே பேனையால் ஒரு கோடு போட்டு, நாடா தோலை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு நிற்கும்படி பிடிப்பேன். முதல் நாள் 39 சென்ரிமீற்றர் இருந்தது. கணுக்காலில்லாத காலுக்கு மண்பையை எங்கே கட்டுவது என்று யோசித்து, செயற்கைக் காலின் தண்டிலேயே சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டினோம். ஒரு கிலோவில் தொடங்கினார். அவருடைய மனைவி காலையில் கௌபியும் இரவில் உழுத்தம்மாப் பிட்டும் தவறாமல் கொடுத்தார். முதல் ஆறு வாரத்தில் நாடா அசையவில்லை, ஆனால் பாரம் மூன்று கிலோ ஆகியிருந்தது. தொடக்கத்தில் கூடுவது நரம்பின் பழக்கம், பருமன் பிந்தித்தான் வரும். ஏழாவது மாதத்தில் 43 சென்ரிமீற்றர். ஒருவரின் அனுபவம் ஆய்வாகிவிடாது. மெலிந்த தசை பழைய நிலைக்குத் திரும்புவது புதிதாக வளர்வதைவிட வேகமானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, இன்னும் முடிவாகாத விடயங்கள். ஒவ்வொரு வேளையிலும் லியூசின் என்ற அமினோ அமிலம் 2.5 கிராமாவது இருந்தால்தான் தசை கட்டப்படும் என்று சிலர் உறுதியாகக் கூறுவர். தாவரப் புரதத்தில் லியூசின் சற்றுக் குறைவு என்பதால் அது சைவர்களைப் பயமுறுத்தும். குறுகிய நேர அளவீடுகளில் அந்த எல்லை தெரிகிறது; மாதக்கணக்கில் நாள் முழுவதற்கும் போதிய புரதம் உண்பவரிடம் அது எவ்வளவு முக்கியம் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் புரதம் எடுக்காவிட்டால் பயனில்லை என்ற பேச்சும் அவ்வாறே. நாள் முழுவதற்குமான அளவே முதன்மையானது, நேரத்தின் பங்கு இருந்தாலும் சிறியது. ஒரே வேளையில் 30 கிராமுக்கு மேற்பட்டது வீணாகும் என்பதையும் 2023 இல் வெளியான ஓர் ஆய்வு பெரிதும் தளர்த்திவிட்டது. நூறு கிராமை ஒரேயடியாகக் கொடுத்தபோதும் உடல் அதை நீண்ட நேரம் எடுத்துப் பயன்படுத்தியது. அது பாற்புரதத்தில் செய்த ஆய்வு. ஆய்வுகளில் பெரும்பாலானவை இளைஞர்களிடம் செய்யப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களின் தசை புரதத்துக்கு மந்தமாகவே பதிலளிக்கிறது, ஆகவே இந்தக் கணக்கைத் தம்பி தன் தகப்பனாருக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

எங்கள் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. தயவுசெய்து இதைத் தாண்டிப் போக வேண்டாம். காரணம் தீர்மானிக்கப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாண விவசாயிகளிடம் இனங்காணப்பட்டது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் அது இருக்கிறது. ஆரம்பத்தில் எந்த அறிகுறியையும் அது காட்டாது. ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவு புரதம் கெடுப்பதற்குச் சான்றில்லை. ஆனால் ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்குப் புரதத்தைக் கூட்டுவது தீங்கு. குடும்பத்தில் எவருக்கும் அந்த நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தொடங்குவதற்கு முன் இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) அளவையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். முடிவில் ஏதேனும் மாறுதல் இருந்தால் மேலே நான் எழுதிய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. வைத்தியர் சொல்லும் அளவே அளவு. வெயிலில் வேர்த்து வேலை செய்த உடலோடு, தசை நோவுக்காக வலிநிவாரணி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவதையும் நிறுத்துங்கள். சிறுநீரகத்துக்குப் பவுடரைவிட அது பெரிய ஆபத்து.

பவுடர்களில் பாலிலிருந்து எடுக்கும் வே உங்களுக்கு ஆகாது, தேவையும் இல்லை. ஜிம்மில் பெயரில்லாத டப்பாவிலிருந்து அள்ளித் தருவதை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். காசு இருந்தால் ஒன்றை மட்டும் யோசிக்கலாம்: தசைக்கு உடனடிச் சக்தி கிடைக்க உதவும் கிரியேற்றின் மொனோஹைட்ரேற் (மேலே சொன்ன கிரியற்றினின் வேறு, இது வேறு), நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம். கிரியேற்றின் உணவில் இறைச்சியிலும் மீனிலுமே உண்டு. ஆகவே சைவர்களின் தசையில் அதன் இருப்புக் குறைவு, வெளியிலிருந்து எடுக்கும்போது பயனும் நன்றாகத் தெரிகிறது. விற்பனைக்கு வருவது இரசாயன முறையில் ஆக்கப்படுவதால் விரதத்துக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் அதை எடுத்தால் சிறுநீரகம் பழுதடையாமலே இரத்தத்தில் கிரியற்றினின் சற்றுக் கூடிக் காட்டும். எனவே பரிசோதனையை முதலில் முடித்துவிட்டு, பின்னர் எப்போது இரத்தம் கொடுத்தாலும் இதை எடுப்பதாக வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பால்கூட இல்லாத சைவத்தில் விற்றமின் பி12 மாத்திரை கட்டாயம். தாவரங்களில் அது இல்லை. புளித்த தோசைமாவிலும் கீரையிலும் இருக்கிறது என்பது நம்பத்தக்கதல்ல. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு இரண்டு மூன்று வருடங்கள் தாக்குப்பிடிக்கும் என்பதால், இரண்டு வருடம் முடிந்த நிலையில் நீங்கள் இருப்பது சரியாக அந்த வாசலில். பாதங்களில் எரிவு, விறைப்பு, காரணமில்லாத களைப்பு இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரைப் பாருங்கள். இரும்புச்சத்தைப் பொறுத்தவரை, சாப்பிட்ட கையோடு குடிக்கும் வெறும் தேநீரே பெரிய எதிரி; ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள், பருப்பிலும் கீரையிலும் தேசிக்காய் பிழியுங்கள். இரும்பு மாத்திரையை இரத்தப் பரிசோதனை இல்லாமல் விழுங்க வேண்டாம்.

காலபோக அறுவடை வரும்போது மூன்று நாள் பயிற்சி முடியாது என்று எழுதியிருந்தீர்கள். முடியத் தேவையில்லை. வளர்ந்த தசையைக் காப்பாற்ற, வளர்த்தபோது செய்ததில் மூன்றில் ஒரு பங்கு போதும். கிழமைக்கு ஒரு நாள், பாரத்தைக் குறைக்காமல் செய்யுங்கள். சாப்பாட்டை மட்டும் குறைத்துவிடாதீர்கள். வயலுக்குக் கொண்டுபோவதற்குச் சத்துமா நல்லது: பயறு 400 கிராம், கடலை 200 கிராம், குரக்கன் 200 கிராம் ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்துத் திரித்து, 200 கிராம் கச்சானை வறுத்துத் தோல் நீக்கிக் குறுணலாக இடித்துக் கலந்தால் ஒரு கிலோ வரும்; அதில் 60 கிராமைச் சுடுநீரும் சர்க்கரையும் விட்டுப் பிசைந்தால் 12 கிராம் புரதம். கச்சான் சேர்ந்த மா நம் வெக்கையில் காறிப்போகும் என்பதால் இரண்டு கிழமைக்கு மேல் வைக்காதீர்கள். அக்காவுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவில் பாதியை நீங்கள் கரைத்துக் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பங்கு, அதில் பாற்பவுடரும் சேர்ந்திருக்கிறது. உங்கள் வயிற்றுக் குழப்பத்துக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அதை நிறுத்தி ஒரு கிழமை பாருங்கள்.